பார்க்கிற மரம், உட்காருகிற மரம்

(புனேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சிறிது செப்பம் செய்யப்பட்டது.)



ஜனவரி கடைசியில் எம்பிரஸ் கார்டனில் மலர்க்கண்காட்சி நடக்கிறது. உங்களில் பாதிப் பேராவது போயிருப்பீர்கள். அந்தத் தோட்டத்தை நடத்தும் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1830இல் தொடங்கியது.  கண்காட்சி முடிந்து வாசலில் நின்று பார்த்தால், வெளியே வருகிற கைகளில் எல்லாம் பூத்த தொட்டிகள். அப்படியே சோலாப்பூர் சாலையில் வண்டியை விட்டால் ஹடப்சர் தாண்டி உருளி காஞ்சன் வரை நர்சரிகள். அங்கேயும் எல்லாம் பூத்தே நிற்கும்.

ஜனவரியில் புனேயில் எந்தச் செடிதான் அழகாக இல்லை? இரவில் குளிர், பகலில் இதமான வெயில், பூச்சி குறைவு. அந்த மாதத்தில் செடி வாங்குகிறவர் ஏப்ரலை நினைப்பதில்லை, ஜூலையையும் நினைப்பதில்லை. ஒரு மரத்தை வீட்டில் வைப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பவை அந்த இரண்டு மாதங்கள்தாம். ஆகவே இன்று பூவைப் பற்றிக் குறைவாகவும் அந்த மாதங்களைப் பற்றி அதிகமாகவும் பேசப்போகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே விட்டுவிட வேண்டும். சென்னையிலும் தஞ்சாவூரிலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி மரம் நட்டுப் பழகியவர்கள் நாம். அங்கே அக்டோபரில் நட்டால் இரண்டு மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு எட்டு மாதம் வறட்சி. இங்கே அக்டோபரில் கன்று நட்டவர் அடுத்த ஜூன் வரை குடம் தூக்க வேண்டும். ஆடியில் நடுங்கள். ஆடிப்பட்டம் இந்த ஊருக்கும் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது.

அடுத்தது வெயில். வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஓர் அறிவுரை இருக்கும்: இலையுதிர்க்கும் மரத்தை வீட்டின் தெற்கே வையுங்கள், கோடையில் நிழல் தரும், குளிர்காலத்தில் இலை கொட்டி வெயிலை உள்ளே விடும் என்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது சரி. நம்முடைய கட்டட நிபுணர்கள் சிலரும் அதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். ஆனால் புனேயில் மே 13, 14 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. கொடிக்கம்பத்துக்கு நிழலே விழாத நாள் அது. அதற்குப் பிறகு ஜூலைக் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. கோடை உச்சத்தில் தெற்குச் சுவரில் வெயில் அவ்வளவாகப் படுவதே இல்லை. சுடுவது மொட்டைமாடியும் மேற்குச் சுவரும். நிழல் மரத்துக்கு மேற்குத் திசைதான் இடம்.

இலையுதிர்வுக் கணக்கும் இங்கே வேறு. நமக்கு வெப்பம் தாங்க முடியாத மாதங்கள் மார்ச், ஏப்ரல், மே. தக்காணத்து மரங்கள் பல மொட்டையாக நிற்பதும் அதே மாதங்களில்தான். தண்ணீர் இல்லாததால் இலையைக் கொட்டிவிட்டுப் பூவை மட்டும் வைத்துக்கொள்கின்றன. மலைக்காடுகளில் புரசு பற்றியெரிவது போல் நிற்பதும், கல்யாணமுருங்கை சிவப்பதும், கோங்கு இலையே இல்லாமல் மஞ்சள் கிண்ணங்களை ஏந்துவதும் இதனால்தான். பார்க்க அதைவிட அழகு கிடையாது. அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பார்க்கிற மரம் வேறு, கீழே உட்காருகிற மரம் வேறு. வீட்டில் ஒரே ஒரு மரத்துக்கு இடம் இருந்தால் இரண்டில் எது வேண்டும் என்று முதலில் குடும்பத்துக்குள் சண்டை போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிற மரங்களில் எனக்கு முதலிடம் சரக்கொன்றைக்கு. மராத்தியில் பஹாவா. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை சரம்சரமாகத் தொங்கும். மரம் அளவாக வளரும், வறட்சியைத் தாங்கும், அரைகுறையாக மக்கிய பாறையான முரூம் மண்ணிலும் நிற்கும். வாசலுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் பார்க்கும் இடத்தில் வையுங்கள். மழை தொடங்கியதும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டை வைக்கும், புழுக்கள் இளந்தளிரைத் தின்றுவிடும். உடனே மருந்து அடிக்க ஆள் கூப்பிடாதீர்கள். மரம் மறுபடி துளிர்க்கும், வண்ணத்துப்பூச்சி உங்களுக்கு இலவசம்.

மகாராஷ்டிரத்தின் மாநில மலர் தாமண், நம்முடைய பூமருது. ஊதாப் பூக்கொத்து. இதை வைக்கச் சொல்லி நிறையப் பேர் உற்சாகப்படுத்துவார்கள். ஆனால் அது ஓடைக்கரை மரம். கோடையில் தண்ணீர் விடத் தயாராக இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் நாலு பூவைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஜகரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சென்னைக் கடற்கரைப் புழுக்கத்தில் சோர்ந்து நிற்கும் அந்த மரம் புனே, பெங்களூர் போன்ற மேட்டுநில ஊர்களில் நன்றாகப் பூக்கிறது. நீலம் வேண்டுமென்றால் அதுதான்.

குல்மொஹர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் அதன் மேல் காதல். மடகாஸ்கரிலிருந்து வந்து ஊர்ப் பாட்டுக்குள்ளே நுழைந்துவிட்ட மரம். சீக்கிரம் வளரும், குடை மாதிரி விரியும், அதன் சிவப்புக்கு ஈடில்லை. ஆனால் கட்டை மென்மையானது, வேர் மேலோட்டமாக ஓடும். இந்த ஊரில் மே மாதப் பிற்பகல்களில் இடியோடு சுழன்றடிக்கும் கோடைமழையை ‘வளீவ்’ என்கிறார்கள். குல்மொஹர் பூவும் தளிருமாகக் கனத்து நிற்கும் நேரமும் அதுவே. கிளை முறிந்து காரின் மேல் கிடக்கும் படம் ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளில் வரும். பெரிய மைதானத்தில், சாலையிலிருந்து விலகி நின்றால் அது ராணி. அடுக்குமாடிச் சொசைட்டியின் கார் நிறுத்துமிடத்தில் அது வழக்கு.

இனி உட்காருகிற மரங்கள். புங்கத்தின் நிழல் குளிர்ச்சியானது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மராத்தியில் கரஞ்ச். மார்ச்சில் இலையைக் கொட்டும், ஆனால் சில நாட்களிலேயே பளபளவென்று புது இலை வந்துவிடும். ஏப்ரல் வெயிலுக்குப் பச்சைக்குடை தயார். இலையில் மரு மருவாகக் கொப்புளம் வரும். ஒருவகை நுண்சிலந்தியின் வேலை, மரத்துக்குக் கேடில்லை. வேம்பும் இதே கணக்குதான், ஆனால் சின்னத் தோட்டத்துக்கு மிகப் பெரிதாகிவிடும். பொறுமை உள்ளவர்களுக்கு மகிழம். இங்கே பகுள் என்று கேளுங்கள். வருடம் முழுக்க இலை, அடர்த்தியான உருண்டைத் தலை, கீழே பொறுக்க நட்சத்திரப் பூ. மெதுவாகத்தான் வளரும். அறுபது வயதில் ஓய்வுபெற்று நடுகிறவர் பேரனுக்காக நடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே மரத்தில் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு அசோகம் இருக்கிறது. சொசைட்டிச் சுவரோரம் ஈட்டி மாதிரி வரிசையாக நிற்கிறதே, அது நெட்டிலிங்கம். நர்சரியில் ‘சீத்தா அசோக்’ என்று கேட்டால்தான் உண்மையான அசோகம் கிடைக்கும். எப்போதும் இலை, பிப்ரவரி தொடங்கி ஆரஞ்சும் சிவப்புமாகப் பூ. மேற்கு வெயிலில் வைத்தால் இலை நுனி கருகும். கட்டடத்தின் கிழக்கிலோ வடக்கிலோ, பாதி நிழலில், தண்ணீர் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். நெட்டிலிங்கத்தை ஏளனம் செய்வது இப்போது ஒரு நாகரிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாலடி அகலச் சந்தில் வேறென்ன வைப்பீர்கள்?

ஏப்ரல் முடிந்தது. இனி ஜூலை, அதாவது மண்.

புனேயின் அடியில் இருப்பது கருங்கல் எரிமலைப்பாறை. அதன் மேல் அரைகுறையாக மக்கிய முரூம். ஆற்றோரங்களிலும் பள்ளங்களிலும் கரிசல். முரூமில் குழி வெட்டி நல்ல மண் நிரப்பிக் கன்று நடுகிறோம். அந்தக் குழிக்கு அடியில் ஓட்டை இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். ஜூலையில் தண்ணீர் நிரம்பி வேர் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதற்கு முதல் பலி சண்பகம். ஆகவே மே மாதத்திலேயே குழி வெட்டி, ஒரு முறை தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் கடப்பாறையால் அடிப்பாறையைப் பிளந்துவிடுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். சண்பகத்தில் கொங்கணத்திலிருந்து வரும் ஒட்டுச்செடியை வாங்குங்கள். ஆளுயரத்திலேயே பூக்கும். விதைக்கன்று பூக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வளர்ந்தால் மூன்று மாடி உயரம் போகும்.

இந்த மண்ணில் சுண்ணாம்புச் சத்து அதிகம். இட்லிப்பூச் செடி வைத்தவர்களைக் கேளுங்கள். இரண்டாம் வருடம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருக்கிறது, சுண்ணாம்பு அதைச் செடிக்கு விடுவதில்லை. எரு போட்டுப் போட்டு அலுத்துப்போவார்கள். இட்லிப்பூவுக்கு ஆசைப்பட்டால் செம்மண் நிரப்பிய தொட்டியில் வையுங்கள். தரையில் வேண்டுமென்றால் நந்தியாவட்டை. இங்கே தகர். சுண்ணாம்புக்கும் அரைநிழலுக்கும் அது கவலைப்படாது.

இப்போது அடுக்குமாடிக்காரர்கள். ஹிஞ்சவடி, வாகட், கராடி, பானேர் பக்கத்துப் புதிய சொசைட்டிகளில் தோட்டம் என்பது பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்தின் கூரை. நனைந்த மண் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 2 டன். பத்தடிக்குப் பத்தடி பாத்தியில் மூன்றடி மண் போட்டால் மழையில் அது 15 டன்னைத் தாண்டும். கட்டட வரைபடத்தில் அந்தக் கூரை எவ்வளவு கனத்துக்கு என்று பார்க்காமல் அங்கே வேம்பு நடுகிற கமிட்டிகள் இருக்கின்றன. பார்த்தபின் நடுங்கள். இரண்டு அடி மண் போதும் என்றால் காமினி, ஈழத்தலரி, பவழமல்லி இந்த மூன்றும் எனக்குப் பிடித்தவை. காமினியை இங்கே குந்தி என்றும் சொல்வார்கள். வெட்டி வேலியாகவும் விடலாம், விட்டுச் சிறுமரமாகவும் வளர்க்கலாம், மழைக்குப் பின் பூத்தால் மாடி வரை மணக்கும். பவழமல்லி ஆகஸ்ட் முதல் தீபாவளி வரை காலையில் தரையை நிறைக்கும். ஆனால் கோடையில் அது அசிங்கமாக, காய்ந்த சருகோடு நிற்கும். அதை மன்னிக்கத் தெரிந்தவர்கள் வையுங்கள்.

சொசைட்டிகளில் தோட்டத்துக்கு விடுவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். அதில் உப்பு இருக்கும். இலையோரம் கருகினால் நோய் என்று நினைக்காமல் நீரைச் சோதித்துப் பாருங்கள்.

புதர்ச்செடிகளில் எட்டு மாத வறட்சியைக் கொண்டாடுகிற ஒன்று உண்டென்றால் அது காகிதப்பூ. தண்ணீர் ஊற்றினால் இலை விடும், நிறுத்தினால் பூக்கும். பூக்கவில்லை என்று புகார் சொல்கிறவர்கள் எல்லோரும் அதிகம் ஊற்றுகிறவர்கள். மருதாணி வேலிக்கு நல்லது, கைக்கும் நல்லது. நம் பெண்கள் தலையில் வைக்கும் டிசம்பர் பூ இங்கே கொராண்டி என்று கிடைக்கிறது. அதன் மஞ்சள்பூ உறவுக்காரனான செம்முள்ளி இந்தத் தக்காணத்துக் குன்றுகளிலேயே முளைப்பது. யாரும் நடச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தம். அரளியும் பொன்னரளியும் அழகுதான், எல்லாப் பாகமும் நஞ்சு. வாயில் வைக்கிற வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

அழகுக்காகக் கொண்டுவந்து அவதிப்பட்ட கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உண்ணிச்செடி இந்தியாவுக்கு வந்தது அலங்காரச் செடியாக, 1800களின் தொடக்கத்தில், கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு. இன்று நம் முதுமலைக் காட்டில் யானைக்குப் புல் கிடைக்காதபடி அது பரவியிருக்கிறது. முளா, முட்டா ஆறுகளிலும் பாஷாண் ஏரியிலும் மாநகராட்சி இயந்திரம் வைத்து அள்ளுகிற ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் யாரோ பூவுக்காக மெச்சியதுதான். வேத்தாள் டேக்டியில் நடக்கப்போகிறவர்கள் பிப்ரவரியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் கிளிரிசிடியாவைப் பார்த்திருப்பீர்கள். மொட்டை மலையைச் சீக்கிரம் பசுமையாக்க நட்டார்கள். மலை பச்சையானது, ஆனால் ஒரே மரத்தின் பச்சை. அண்மையில் கொனோகார்பஸ். வேகமாக உயர்ந்து மறைப்புக் கட்டுகிறது என்று ஊர் ஊராக வைத்தார்கள். குஜராத் 2023இல் தடை செய்தது, தமிழ்நாடு 2025இல். ‘ஒரே வருடத்தில் பத்தடி’ என்று நர்சரிக்காரர் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

அதற்காக நாட்டுமரம் மட்டுமே நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோயில்தோறும் நிற்கும் ஈழத்தலரி மெக்சிகோ பக்கத்து மரம். இருநூறு, முந்நூறு வருடம் நம்மோடு இருந்து யாரையும் தொந்தரவு செய்யவில்லை. தானாக விதை பரப்பி அடுத்தவர் இடத்தில் முளைக்கிறதா, வேர் குழாயைத் தேடிப் போகிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அதன் பூர்வீகம் எனக்கு முக்கியமில்லை. ஆனால் இடம் இருப்பவர்கள் ஒரு மாவிலங்கமாவது நடுங்கள். இங்கே வாயவர்ணா. ஆரஞ்சு நுனிச் சிறகுள்ள பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி அதைத் தேடிவந்து முட்டை வைக்கும். ஈழத்தலரிக்கு அந்த விருந்தாளி வருவதில்லை.

தேர்வில் அவசரம் ஏன் கூடாது என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975லிருந்து நடப்பில் இருக்கிறது. உங்கள் சொந்த நிலத்து மரமானாலும் மர அதிகாரியின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. மரத்திலேயே அறிவிப்பு ஒட்டி ஊராரின் ஆட்சேபத்தைக் கேட்பார்கள். 2021இல் திருத்தம் செய்து 50 வயதைத் தாண்டியவற்றைப் பாரம்பரிய மரங்கள் என்று தனியாக வகுத்திருக்கிறார்கள். நல்ல சட்டம். நடுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம், எடுப்பதற்குக் கேட்க வேண்டும் என்பதால் தப்பான இடத்தில் நட்ட மரம் உங்களோடேயே இருக்கும்.

வாங்குவதற்கு முன் வளர்ந்த மரத்தைப் போய்ப் பாருங்கள். எம்பிரஸ் கார்டன் இருக்கிறது, பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. 1873இல் தொடங்கிய கணேஷ்கிண்ட் தோட்டத்தை 2020இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் அதைப் பார்த்துக்கொண்ட உட்ரோ என்பவர் இந்தியத் தோட்டக்கலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு கையேடே எழுதினார். இந்த இடங்களுக்கு மலர்க்கண்காட்சிக் கூட்டத்தோடு ஜனவரியில் போகாமல், ஏப்ரல் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். எந்த மரத்தடியில் காவலாளி நாற்காலி போட்டிருக்கிறாரோ அந்த மரத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நர்சரியில் பெரிய மரமாக வாங்க ஆசை வரும். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரி லாரியாக வருகிறது, தலை வெட்டிய பத்தடி மரம், கிழங்கு மாதிரி இறுகிய களிமண் உருண்டையோடு. பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். வட்டமாகச் சுற்றியிருந்தால் வேண்டாம். அந்த வேர் பின்னாளில் தன் மரத்தையே நெரிக்கும். மூன்றடிக் கன்று நாலு வருடத்தில் அதைத் தாண்டிவிடும், விலையும் மிச்சம். நட்ட பிறகு இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தினம் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே தங்கிப்போகும்.

கடைசியாக, எந்தக் கூட்டத்திலும் நம்மவர்கள் கேட்கும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். தென்னை வைக்கலாமா? வளரும். ஆனால் கீழே கார் நிற்கும், மேலே ஏற ஆள் கிடைக்காது. முருங்கையும் வைக்கலாம், காற்றுக்கு முறியும் என்று தெரிந்தே வையுங்கள், சுவருக்கு வெளியே விழாத இடத்தில். கறிவேப்பிலை? அதை ஏன் சமையலறைச் செடி என்று பின்புறம் ஒளித்து வைக்கிறீர்கள்? காமினியின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இறகு மாதிரி இலை, கோடையில் வெள்ளைப் பூங்கொத்து, கருநீலப் பழம், பழத்துக்கு வரும் கொண்டைக்குருவி. டிசம்பர், ஜனவரிக் குளிரில் கொஞ்சம் மஞ்சளாகி இலை கொட்டும், பயப்பட வேண்டாம், மார்ச்சில் தழைத்துவிடும். முன்வாசலிலேயே வைக்கலாம். அங்கே வைத்தால் பக்கத்து ஃபிளாட்டுக்காரர்கள் பறிப்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, இரண்டாவது கன்று ஒன்றை அவர்கள் வாசலில் நட்டுப் பாருங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.